ரெண்டு நாள் இருக்கட்டும்

அந்த அக்காவை நான் முதன்முதலில் நேரில் பார்த்தபோது அவர் எங்கள் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். என்னுடைய பேஸ் கிட்டார் அவர் மடியில் குறுக்கே கிடந்தது. இருப்பதிலேயே தடித்த கம்பியை வலது கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டுவார். அறை முழுக்க ஒரு முழக்கம் எழும்பும். சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தின் கண்ணாடி லேசாக நடுங்கும். பிறகு மெதுவாக அடங்கும். அடங்கும்வரை அவர் கண்ணைத் திறக்கமாட்டார். அடங்கியதும் இன்னொரு தட்டு. நான் வாசலில் நின்று மூன்று தடவை தொண்டையைச் செருமினேன்.

“செருமாதீங்க தம்பி, தொண்டைதான் புண்ணாகும்,” என்றபடி உள்ளேயிருந்து அவருடைய அண்ணி வந்தார். “அந்தச் சத்தம் நின்னாத்தான் அதுக்குக் காது கேக்கும். உக்காருங்க.”

உட்கார்ந்தேன். பத்துப் பன்னிரண்டு தட்டுக்குப் பிறகு அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “நீதான் பேஸ் கிட்டாரா?” என்றார். ஆமாம் என்றேன். “நாளன்னைக்கு வா,” என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். பழுது பார்த்து முடித்துவிட்டதாகச் சொல்லியனுப்பியதே அவர்தான். முடிந்த பொருளை எடுக்க ஏன் நாளன்னைக்கு வரவேண்டும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

நேரில் பார்த்தபோது என்று சொல்லக் காரணம் இருக்கிறது. எழுபதுகளின் நடுவில் காரைக்காலில் போன் வைத்திருந்த யாருக்கும் அவர் குரல் பழக்கம். ரிசீவரை எடுத்தால் அந்தப் பக்கம் அவர்தான் இருப்பார். டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டர். நம்பரைச் சொன்னால் இணைத்துவிடுவார். வெளியூர் என்றால் பதிந்துவைத்துக்கொண்டு பிறகு கூப்பிடுவார். மீன் ஏலக்காரர்கள் ஐஸ் வரவில்லை என்று கத்துவது, பிரான்சிலிருந்து சொல்தா வீட்டுப் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு அழுவது, பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்று சொல்வது எல்லாமே அவர் காதைத் தாண்டித்தான் போகவேண்டும். சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்கள். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. அவர் யார் பெயரையும் எங்கேயும் சொன்னவரில்லை. என் பெரியப்பா மகளுக்கு அம்பகரத்தூரில் பேசி முடித்த இடம் திடீரென்று பின்வாங்கியது. பெரியப்பா நேராக டெலிபோன் ஆபீசுக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டார். “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முந்தாநாள் இங்கேருந்து போன் பேசியிருக்காங்கம்மா. நீ கேட்டிருப்பியே, என்னதான் குறை சொன்னாங்க?”

“லைன் நல்லா இருந்துச்சுங்க,” என்றார் அக்கா. “எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

சாகும்வரை பெரியப்பா அவரை அழுத்தக்காரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் ஆம்ப்ளி அவரிடம் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது ஒரு மெல்லிசைக் குழு. முதலாளி ஒரு ஜவுளிக்கடைக்காரர், அக்கார்டியன் வாசிப்பார். நான் பொதுப்பணித் துறையில் கட்டட வரைபடம் வரைகிறவன். சாயங்காலத்தில் பேஸ் கிட்டார். சொல்தா ஒருவருடைய மகன் பிரான்சிலிருந்து கப்பலில் கொண்டுவந்து, இங்கே வாசிக்க ஆள் இல்லாமல் விட்டுவிட்டுப்போன பேஸ் ஆம்ப்ளியையும் பெட்டியையும் முதலாளி வாங்கினார். வால்வு ஒன்றுகூடக் கிடையாது, முழுக்க டிரான்சிஸ்டர். சூடேறக் காத்திருக்கவேண்டாம், சுவிட்சைப் போட்டதும் பேசும். பெட்டி இடுப்பு உயரம், உள்ளே இரண்டு பெரிய ஸ்பீக்கர். தூக்க இரண்டு ஆள் வேண்டும். நாகப்பட்டினத்துக்கு இந்தப் பக்கம் அப்படி ஒரு பெட்டி வேறு யாரிடமும் இல்லை என்று முதலாளி மேடையிலேயே அறிவிப்பார்.

ஆறு மாதத்தில் படுத்துவிட்டது. கடல்காற்று யாரை விட்டது? ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, ஃப்யூஸ் போயிருக்கிறது என்று சொல்லி, சிகரெட் பாக்கெட்டின் ஈயத்தாளைச் சுருட்டி ஃப்யூஸ் இருந்த இடத்தில் செருகிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் இரண்டு பாட்டு வரை தாங்கியது. மூன்றாவது பாட்டில் பின்பக்கமிருந்து புகை. மறுநாள் அவரே, “இதுக்கு மேல நம்மளால ஆகாது, டெலிபோன் அக்காகிட்ட கொண்டுபோங்க,” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அக்கா தபால் வழியில் ரேடியோ படிப்பு படித்தவர். சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். அண்ணி அதன் மேலேயே காலண்டரை மாட்டியிருந்தார். வீடு அண்ணனுடையது. அண்ணன் மேரியில், அதாவது எங்கள் நகராட்சி அலுவலகத்தில், குமாஸ்தா. வீட்டில் அவர் குரலை நான் கேட்டதே இல்லை. அக்காவுக்கு அப்போது நாற்பது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. முன்னறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, தரையில் எங்கள் பெட்டிக்கு இடம், அவ்வளவுதான் அவருடையது.

எந்த ஆம்ப்ளியையும் அவர் நேராகக் கரண்டில் செருகமாட்டார். நடுவில் ஒரு நூறு வாட்ஸ் குண்டு பல்பை இணைத்துவைத்திருப்பார். சுவிட்சைப் போடும்போது பல்பு பளீரென்று எரிந்தால் உள்ளே எங்கோ தப்பு. மினுக்கி அடங்கிவிட்டால் உயிர் வந்துவிட்டது. அடுக்களையிலிருந்து அண்ணி கேட்பார்: “பல்பு எரியுதா?”

“எரியுது அண்ணி.”

“நல்லா எரியட்டும்,” என்பார் அண்ணி. பல்பு எரியும்வரை வீட்டில் சத்தம் இல்லை என்று அவருக்குக் கணக்கு.

உப்பு அரித்த இடங்களைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஸ்பிரிட் தொட்டுத் தேய்ப்பார். எரிந்துபோன டிரான்சிஸ்டரை மாற்ற சென்னைக்கு எழுதிப்போட்டு, தபாலில் வரும்வரை பொறுமையாக இருப்பார். வேலை முடிந்ததும் பெட்டி மேல் ஏறி உட்கார்வார். புடவையை ஒதுக்கிக்கொண்டு, பஸ்ஸில் சீட் பிடித்தவர் போல நிம்மதியாக உட்கார்வார். தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். சர்ச்சுக்குப் போகும் பெண்கள் சிலர் அண்ணியிடம் நேரிலேயே கேட்டார்கள், உங்கள் நாத்தனாருக்கு ஏதாவது கோளாறா என்று.

நான் ஒருமுறை காரணம் கேட்டேன்.

“காது ஏமாந்துரும் தம்பி,” என்றார். “நீ வந்து உக்காரு, சொல்றேன்.” என்னை உட்காரவைத்து அவரே கம்பியைத் தட்டினார். முழக்கம் முதுகுத்தண்டு வழியாக ஏறியது. அதற்கு நடுவில் ஏதோ ஒன்று பொடிப்பொடியாக நடுங்கியது. “இடது பக்கம், கீழேருந்து மூணாவது திருகு,” என்றார் அக்கா. முடுக்கிவிட்டு உட்கார்ந்தால் நடுக்கம் போயேபோய்விட்டது. அதற்கப்புறம் அவரைப் பற்றி யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வந்தது.

கூலி என்று எதுவும் வாங்கமாட்டார். முதலாளி கவரில் வைத்துக் கொடுத்தனுப்பியது ஒட்டியது ஒட்டியபடி திரும்பி வந்தது. அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “வேலை முடிஞ்சப்புறம் ரெண்டு நாள் இருக்கட்டும். கிட்டாரும் இருக்கட்டும்.” அந்த இரண்டு நாளும் டியூட்டி முடிந்து வந்ததும், முகம் கழுவி, காப்பி குடித்து, பெட்டி மேல் உட்கார்ந்துவிடுவார். விளக்கு வைக்கும்வரை ஒரே கம்பி. மற்ற மூன்று கம்பிகளையும் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார்.

எனக்கு அது பாவமாக இருந்தது. “அக்கா, ஒரு பாட்டு சொல்லித் தரட்டுமா? சுலபமானதா பாத்து?” என்றேன்.

“பாட்டு வேணாம் தம்பி, சத்தம் போதும்.” இன்னொரு தட்டு தட்டி, அது அடங்கியதும் அவராகவே சொன்னார். “காலைலேருந்து காதுல கீச்சுகீச்சுன்னு வார்த்தை. எல்லாரும் எதாவது சொல்லிக்கிட்டே இருக்காங்க. இது ஒண்ணும் சொல்லாது.”

அவர் தன்னைப் பற்றி அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் ஆள்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு ஆயுத பூஜைக்கு டிரம்ஸ் வாசிக்கிற பையன் பெட்டியின் முன்துணியைக் கழற்றி, இரண்டு ஸ்பீக்கரின் நடுவிலும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்துவிட்டான். காய்ந்ததும் காகிதக் கூம்பு இழுத்துக்கொண்டு ‘பர்ர்’ என்று கிழிகிற சத்தம். அக்கா ஒரு மணி நேரம் ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார். “நெத்தியில வச்சீங்கன்னா சரி. இது நெத்தியா? தொண்டை. தொண்டைக்குள்ள யாராவது பொட்டு வைப்பாங்களா?” என்று கேட்டார். அடுத்த வருஷத்திலிருந்து பொட்டைப் பெட்டியின் முதுகில் வைத்தோம்.

இன்னொரு தடவை மாங்கனித் திருவிழா. சாமி வரும்போது மொட்டைமாடிகளிலிருந்து ஜனங்கள் மாம்பழத்தை வாரி இறைப்பார்கள். ராத்திரிக் கச்சேரிக்கு மேடையைத் தெருவோரமே போட்டு, பெட்டியை மூடாமல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டோம். கனிந்த பழம் ஒன்று துணியைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய் உடைந்துவிட்டது. நாலு நாளில் எறும்பு. பெட்டியைத் திறந்து பார்த்த அக்கா, “என்ன ஜாதிப் பழம்?” என்றார். ஒட்டு மாம்பழம்போல் இருந்தது என்றேன். “நல்லவேளை. நார்ப்பழமா இருந்திருந்தா எடுக்க ஒரு வாரம் ஆயிருக்கும்,” என்றார். சிரிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை. மாம்பழம் விழுந்து பழுதான பேஸ் பெட்டி உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். அது ஒரு கார்த்திகை மாதம். மழையில் ஆம்ப்ளி மறுபடி படுத்து, அக்கா புதன்கிழமை சாயங்காலம் சரிசெய்து முடித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெடுங்காட்டில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாண வரவேற்பு.

“வெள்ளி ஆறு மணிக்கு வா,” என்றார் அக்கா. “ஆறரைக்கு நெடுங்காடு போயிரலாம். ஏழு மணிக்குத்தானே கச்சேரி? சரியா வருதா?”

“சரியா வருதுக்கா,” என்றேன். நான்தான் சொன்னேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அவருடன் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் காய்ச்சல். அக்காவுக்கு இரட்டை டியூட்டி. வீட்டுக்கு வந்து பெட்டியைத் தொடக்கூட முடியவில்லை. ஆக அவருக்கு மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை மாலை மட்டும். ஐந்து மணிக்கு வந்தால் ஆறு மணி வரை ஒரு மணி நேரம். எனக்கு அது தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். “மத்தியானமே வேன் கிளம்புது. நாலு மணிக்கு எல்லாம் மேடையில இருக்கணும். பொட்டி எங்க?” என்றார். ஆறு மணி என்றேன். “நம்ம பொருளை நாம எடுக்கிறதுக்கு அந்தம்மாகிட்ட நேரம் கேக்கணுமா? உன்னால முடியலன்னா சொல்லிரு. நாகப்பட்டினத்துல ஒரு பையன் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கான், சொந்தமா பொட்டியே வச்சிருக்கான்.”

அந்தப் பையன் வாசித்து நான் கேட்டிருக்கிறேன். என்னைவிட நன்றாக வாசிப்பான். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். போகிற வழியில்தான் டெலிபோன் ஆபீஸ். இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் ஆறு மணி என்பார் என்று தெரிந்ததால் இறங்கவில்லை.

அண்ணி மட்டும் இருந்தார். “அது ஒண்ணும் சொல்லிட்டுப் போகலையே தம்பி,” என்றார்.

“போன்ல கேட்டேங்க. இப்பவே எடுத்துக்கச் சொல்லிட்டாங்க.”

“நெசமாவா? அதுவா சொன்னுச்சு?”

“ஆமாங்க.”

அண்ணி முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கதவின் இரண்டு பக்கத்தையும் அவரே திறந்து பிடித்துக்கொண்டார். பின்னாலேயே வந்த வேன்காரனும் நானுமாகப் பெட்டியைத் தூக்கினோம். பெட்டி இருந்த இடத்தில் தரை சதுரமாகப் பளிச்சென்று இருந்தது. அதை உடனே பெருக்கிவிடவேண்டும் என்று அண்ணி விளக்குமாற்றை எடுத்து வந்தார்.

அன்று ஆம்ப்ளி மக்கர் பண்ணியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு கரகரப்புக்கூட இல்லை. அவ்வளவு ஆழமாக அது அதற்கு முன்போ பின்போ பேசியதில்லை. பெண்ணின் அப்பா மேடைக்கே வந்து முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கச்சேரி தொடங்கும் முன்பு, ஐந்தே முக்காலுக்கு மேடையில் மணி பார்த்தது நினைவிருக்கிறது. அந்நேரம் அக்கா வீட்டுக்கு வந்திருப்பார்.

மறுநாள் காலை டெலிபோன் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். குடையை மடக்கிக்கொண்டே வந்தார்.

“நல்லா இருந்துச்சா?”

“இருந்துச்சுக்கா.”

“சூடு ஏறுச்சா?”

“இல்லக்கா.”

“சரி.” குடையின் தண்ணீரை உதறினார். “போன்ல நான் சொன்னதா அண்ணிகிட்ட சொன்னியாம்.”

“ஆமாங்கக்கா. முதலாளி ரொம்ப... தப்புதாங்கக்கா.”

“அண்ணி கேட்டாங்க, நீதான் சொன்னியான்னு. நான் ஆமான்னுட்டேன்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு ‘இல்லை’ சொல்லியிருந்தால் அண்ணி என்னை அந்த வாசலில் ஏறவிட்டிருக்கமாட்டார், அதோடு போயிருக்கும். ஒருவர் போனில் பேசியதை இன்னொருவரிடம் சொல்லாதவர், நான் பேசாததையும் பேசியதாக ஏற்றுக்கொண்டுவிட்டார். வெட்கத்தில் அன்று முழுக்க என்னால் நேராக ஒரு கோடு இழுக்க முடியவில்லை.

முதலாளிக்கு விஷயம் தெரிந்து, கடையிலிருந்து ஒரு நல்ல புடவையை எடுத்து, பழத்தட்டோடு என்னிடமே கொடுத்தனுப்பினார். அக்கா புடவையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸ் பூசைக்கு அண்ணி அதைக் கட்டிக்கொண்டு போனார், அவருக்கு எடுப்பாகத்தான் இருந்தது.

அதோடு முடியவில்லை. அடுத்த தடவை ஆம்ப்ளி பழுதாகிக் கொண்டுபோனபோது அண்ணி என் எதிரிலேயே சொன்னார். “வேலை முடிஞ்சதும் அன்னைக்கே எடுத்துட்டுப் போயிருங்க தம்பி. கல்யாணத்துக்கு அன்னைக்கு அதுவே குடுத்துரச் சொன்னுச்சுல்ல? அப்ப ரெண்டு நாள் வச்சிருந்தே ஆகணும்னு ஒண்ணும் இல்ல. அலமாரியில ஊறுகாய் ஜாடி நகந்து நகந்து விளிம்புக்கு வந்துருது.” வேலை முடிந்த அன்று அக்கா பல்பை இணைத்தார். பல்பு மினுக்கி அடங்கியதும் நின்றபடியே கம்பியை இரண்டு தட்டு தட்டினார். “சரியாயிடுச்சு, எடுத்துக்க,” என்றார். பெட்டி மேல் உட்காரவில்லை.

நான் அண்ணியிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அக்காவை வழியில் மடக்கிச் சொன்னேன். “வேணாம்,” என்றார். “இப்பப் போய்ச் சொன்னா, நான் ஆமான்னு சொன்னது பொய்யாயிடும். அந்த வீட்டுல நான் இருக்கணும்ல.”

அப்படியே ஏழு வருஷம் போயிற்று. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஆம்ப்ளியைக் கொண்டுபோவேன். சுத்தமாகச் செய்துகொடுப்பார். இரண்டு தட்டு, எடுத்துக்க. கோபமாகப் பேசியதில்லை. “இடது பக்க ஸ்பீக்கர் அடுத்த மழைக்குத் தாங்காது, பாத்துக்க,” என்று அக்கறையாகத்தான் சொல்வார். அவர் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. மேடையில் கைதட்டு வாங்கும்போதெல்லாம் அது என்னுடையதில்லை என்று தோன்றும்.

எண்பத்தைந்து வாக்கில் முதலாளியின் மகன் கீபோர்டு ஒன்று வாங்கிவந்தான். இடது கையாலேயே அதில் பேஸ் வந்துவிட்டது. எனக்கு வேலையில்லை. போகும்போது ஆம்ப்ளியையும் பெட்டியையும் நீயே எடுத்துக்கொள் என்று முதலாளி சொன்னார், வைக்க அவருக்கும் இடமில்லை. அப்போது எனக்குக் கல்யாணமாகி கோட்டுச்சேரியில் வாடகைக்குக் குடியிருந்தேன். பெட்டியை முன்னறையில் இறக்கினேன். என் மனைவி சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இதுல அரிசி கொட்டி வைக்கலாமா?” என்று கேட்டாள்.

மறுநாளே அக்காவைப் போய்ப் பார்த்தேன். “பொட்டி இப்ப எங்க வீட்டுல இருக்குக்கா. நீங்க எப்ப வேணும்னாலும் வாங்க. நாள் முழுக்க உக்காந்திருங்க. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க,” என்றேன். ஏழு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொல்லிவிட்டேன். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன்.

“ரிப்பேரா?” என்றார்.

“இல்லக்கா, நல்லா இருக்கு.”

“நல்லா இருக்கிற பொருள்ல எனக்கென்ன தம்பி வேலை?” என்றார். விறைப்பாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே, இவ்வளவு வீம்பு எதற்கு என்று. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர் யாரிடமும் எதையும் சும்மா வாங்கியவரில்லை. அந்த இரண்டு நாள் அவருடைய கூலி. வேலை செய்யாமல் கூலி வாங்கு என்று போய்ச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் திருப்புளியை எடுத்து ஆம்ப்ளியின் பின்பலகையைக் கழற்றினேன். ஸ்பீக்கருக்குப் போகும் சிவப்புக் கம்பியை, பற்றவைத்த இடத்தை ஒட்டி, வெட்டுக்குறடால் வெட்டினேன். பலகையை மூடினேன். என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்லாத்தானே இருந்துச்சு?” என்றாள். சும்மா இரு என்றேன்.

ஆம்ப்ளி படுத்துவிட்டது என்று சொல்லியனுப்பினேன். அக்கா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ்ஸில் வந்தார். பையில் மீட்டர், பற்றவைக்கும் இரும்பு, குண்டு பல்பு. தலை நரைத்திருந்தது. பல்பை இணைத்து சுவிட்சைப் போட்டார். பல்பு மினுக்கி அடங்கியது. ஆனால் பெட்டியிலிருந்து சத்தமில்லை. பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். வெட்டிய முனையை விரலால் தொட்டார். உப்பு அரித்த கம்பி எப்படி அறும், குறடு வெட்டிய கம்பி எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? வெட்டும்போது எனக்கு அது தோன்றவேயில்லை.

“இது எப்ப அறுந்துச்சு?” என்றார்.

“தெரியலக்கா. தானாத்தான் அறுந்திருக்கணும்.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். அக்கா என் மனைவியைப் பார்த்தார், பிறகு டார்ச்சை அணைத்தார்.

“ஆமா,” என்றார். “தானாத்தான் அறுந்திருக்கு.”

பற்றவைக்க அஞ்சு நிமிஷம்தான் ஆயிற்று. பலகையை மூடி எல்லாத் திருகையும் முடுக்கினார். “ரெண்டு நாள் வச்சுப் பாக்கணும் தம்பி. இன்னைக்கும் நாளைக்கும். நாளைக்கு எனக்கு லீவுதான்,” என்று சொல்லிவிட்டு, புடவையை ஒதுக்கிக்கொண்டு பெட்டி மேல் உட்கார்ந்தார். கிட்டாரை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் கண்ணை மூடினார். சமையலறையில் பாத்திரங்கள் நடுங்கின. என் மனைவி பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள்.

அக்கா ரிட்டையராகும்வரை அந்த ஆம்ப்ளி மாதத்துக்கு ஒரு தடவை பழுதாகிக்கொண்டே இருந்தது.